என் வீட்டுச் சுயேச்சை வேட்பாளர்

என் கணவர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்பதை நான் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படிவத்தை நீட்டி, "இதில ஒரு சைன் வைச்சு விடும்" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இப்படி எத்தனையோ படிவங்களுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன், பாஸ்போர்ட், பொய்லர் இன்சூரன்ஸ், எல்லாம் சமையலறையில் வைத்தவைதான். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தேன். படிவத்தில் மீன் மணந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வட்டாரத்துக்கு அவர் சுயேச்சை வேட்பாளர்; அவரை முன்மொழிந்தவர் நான்.

அவர் மின்சார வேலை செய்பவர். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, அங்கே ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் துளை போடக்கூட விடுகிறார்கள் இல்லை என்று கோபித்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். இங்கே துளை போடலாம். ஆனால் பஸ் போகும் பாதையில் தன் வேலை வானை ஓட்டியதற்குத் தண்டம் வந்தது. அந்தத் தண்டத்தோடுதான் அவருக்கு அரசியல் பிடித்தது. பகல் முழுவதும் வானுக்குள் அமெரிக்காவிலிருந்து யாரோ பேசுவதைக் கேட்பார். பின்னேரம் வீட்டுக்கு வந்து அதை எனக்குத் தமிழில் சொல்லுவார். அரசாங்கம் என்பதே மனிதனின் தலையில் ஏறி இருப்பது. தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்க ஒவ்வொருவனுக்கும் உரிமை இருக்கிறது. அதைக் காப்பாற்ற வீட்டில் தோட்டாவோடு ஒரு துவக்கு வைத்திருக்கும் உரிமையும் வேண்டும். பிள்ளைகளைக் கட்டாயமாக அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அடைப்பது அநியாயம். நான் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறை உதவியாளர். அந்த அநியாயத்தில் வரும் சம்பளத்தில் வாங்கிய அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இதைச் சொல்லுவார்.

கவுன்சிலுக்குத் துவக்கோடு என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கவுன்சில் என்றால் குப்பை வாளி, தெருவிளக்கு, பார்க்கிங் பெர்மிட். இது ஒரு தொடக்கம்தான் என்றார். தொடக்கம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவர் வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதே கிடையாது. கடற்கரைத் திருவிழாக் கடையில் தக்கை அடிக்கும் துவக்கால் ஒருமுறை கரடிப் பொம்மையைக் குறிவைத்தார். கடைக்காரரின் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. எங்கள் வீட்டில் உள்ள ஒரே ஆயுதம் மகளின் தண்ணீர்த் துவக்கு. தோட்டத்துக்கு வரும் நரி அவர் வேலைக்குக் காலில் போடும் சப்பாத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அதை ஜன்னலடியில் நிரப்பி வைத்திருந்தார். நரி மறுபடி வந்தது. ஜன்னலைச் சரியாகத் திறக்காமல் அடித்ததில் தண்ணீர் கண்ணாடியில் பட்டு அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. நரி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது. இவருக்கு உண்மையான துவக்கைக் கொடுக்காத அரசாங்கத்துக்கு நான் அன்றைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத விஷயம் ஒன்று அப்போது எங்கள் வீட்டில் இருந்தது. மகளுக்குப் பத்து வயது. அந்த வருடம் செப்டம்பரில் கிராமர் ஸ்கூல் பரீட்சை. கிராமர் ஸ்கூலும் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான், ஆனால் பரீட்சையில் வடித்தெடுத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது கோயில் மாதிரி. அதற்காக அவள் ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை முழுவதும் ரியூஷனில் இருந்தாள். அவளுக்கு வேண்டியது தெருமுனையில் இருக்கும் சாதாரணப் பள்ளிக்கூடம். அவளுடைய இரண்டு கூட்டாளிகளும் அங்கேதான் போகப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் வயிறு நோகுது என்பாள். நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போய் விடுவேன். என்னிடம் இரக்கம் இல்லாமல் இல்லை. நான் படித்த காலத்தில் என் பள்ளிக்கூடம் மூன்று முறை இடம் மாறியது. கடைசியில் ஒரு மாமரத்தடியில் நடந்து, பிறகு நடக்கவில்லை. என் பிள்ளைக்கு ஒரு நல்ல கட்டடம் வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கணவரும் அதே வெறியில்தான் இருந்தார். ரியூஷன் மாஸ்டருடைய வீட்டில் மேல்மாடிக்கு வயரிங் செய்து கொடுத்து மகளுக்கு முன்வரிசையில் இடம் பிடித்தவர் அவர்தான். அரசாங்கப் பள்ளிக்கூடத்தை ஒழிக்க நிற்கிறீர்கள், இது என்ன என்று கேட்டதற்கு, "கொள்கை வேறை, பிள்ளை வேறை" என்றார். மகள் அப்போது மேலே படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது கேட்கவில்லை.

வெல்லுவது நிச்சயம் என்பது அவருடைய கணக்கு. வட்டாரத்தில் எத்தனை தமிழ் வீடு இருக்கிறது என்பதை அவர் கதவு நிலையில் தொங்கும் மாவிலையையும், கார்க் கண்ணாடியில் தொங்கும் முருகன் வேலையும் செபமாலையையும் வைத்தே எண்ணிவிட்டார். எங்கள் சனம் மட்டும் வோட்டுச் சீட்டில் புள்ளடி போட்டாலே காணும் என்றார். வெள்ளைக்காரர் வீடுகளுக்கு ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தைக் கதவு ஓட்டையால் தள்ளிவிட்டு வந்தார். தமிழ் வீடுகளில் அது முடியாது. கல்யாணம் என்றாலும் சாமத்தியச் சடங்கு என்றாலும், கார்ட் என்றால் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். கதவால் தள்ளினால் அது அவமரியாதை. அவர் பிரசுரத்தை அச்சடித்ததும் கல்யாணக் கார்ட் அடிக்கும் கடையில்தான். கடைக்காரர் மிச்சம் கிடந்த தங்கக்கரைத் தடித்த மட்டையை மலிவாகக் கொடுத்திருந்தார். முன்பக்கத்தில் கணவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கீழே, பழைய கல்யாணக் கார்டில் இருந்து அழிக்க மறந்த ஒரு வரி: குடும்ப சமேதராய் வருகை தந்து சிறப்பிக்கவும்.

கார்ட் கொடுக்க ஆம்பிளை தனியாகப் போனால், "அவ வரேல்லையோ?" என்று கேட்டு வேறு கதை கட்டிவிடுவார்கள். அதனால் நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், வேலை முடிந்து வந்து சேலை உடுத்திக்கொண்டு நானும் போனேன். மகளைத் தனியாக விட முடியாது, அவளும் வந்தாள். வீட்டுக்கு வீடு தேநீர், ரோல்ஸ், பற்றிஸ். ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டில் குடிக்காமல் எழும்ப முடியாது. ஒரு பின்னேரத்துக்கு மூன்று வீட்டுக்கு மேல் முடியவில்லை. இப்படிப் போனால் எல்லா வீட்டையும் முடிக்க அடுத்த தேர்தல் வந்துவிடும் என்றேன். தரம்தான் முக்கியம் என்றார்.

எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் நடந்தது. முன்னறையில் கணவர் அரசாங்கத்தின் கையிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டு ரீ.வி.யில் ஓடும் கிரிக்கெட்டைப் பார்ப்பார். சமையலறையில் வீட்டுக்காரி என்னிடம், மகள் எந்த மாஸ்டரிடம் போகிறாள், சட்டன் பக்கத்துக் கிராமர் ஸ்கூலுக்குப் போடுகிறீர்களோ, கணக்கு நல்லமோ, இங்கிலீஷ் நல்லமோ என்று கேட்பா. நானும் விலாவாரியாகச் சொல்லுவேன். மகள் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பற்றிஸோடு இருந்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருப்பாள். என்ன கேட்கிறாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஒரு வீடு மட்டும் வேறு மாதிரி. மன்னாரிலிருந்து வந்த ஒரு வயதான ஐயா. மாதா கோயில் சபையில் பெரிய ஆள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கார்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தவர் அவர் ஒருவர்தான். சுதந்திரம் என்று போட்டிருக்கிறதே, யாருக்கு என்று கேட்டார். தனி மனிதனுக்கு என்றார் கணவர். அந்தக் காலத்தில் நாட்டுக்கு என்று கேட்டீர்கள், இப்போது ஆளாளுக்கோ என்று அவர் கேட்டபோது எனக்குத் தேநீர் புரைக்கேறியது. பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார்.

"தம்பி, துவக்கு எண்டு ஒண்டு போட்டிருக்கு."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயுதம் அரசாங்கத்திடம் மட்டும் இருந்ததால்தானே நாங்கள் அடிவாங்கினோம், எல்லாருடைய கையிலும் இருந்திருந்தால் ஒருவனும் ஒருவன் வீட்டுக்குள் வந்திருக்க மாட்டான் என்று, அமெரிக்காவிலிருந்து கேட்டதை மன்னாருக்குப் பொருத்தி நன்றாகத்தான் சொன்னார். அந்த ஐயா பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, எங்கட ஊரில துவக்கு இல்லாத ஆள் எண்டு கடைசியில நானும் பங்குச் சுவாமியும்தான் மிச்சம். எல்லாத் துவக்குக்கும் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீங்கள் அதை இஞ்ச கூப்பிடுறீங்கள்."

கணவர் குடித்து முடித்த தேநீர்க் கோப்பையை மறுபடி எடுத்து வாயில் வைத்தார். ஐயா கார்டை மடித்து மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு ரோல்ஸ் எடுக்கச் சொன்னார். திரும்பி வரும் வழியில், அந்த ஆளுக்குக் கோட்பாடு விளங்கவில்லை என்றார் கணவர். மகள் பின்னால் இருந்து ஆங்கிலத்தில், அவருக்கு விளங்கினது மாதிரித்தான் இருந்தது என்றாள்.

தேர்தல் நாள் வியாழக்கிழமை. எங்கள் பள்ளிக்கூட மண்டபம் வாக்குச்சாவடி ஆனதால் எனக்கு லீவு. படத்தோடு அடையாள அட்டை காட்டி வோட் போடுவது அடிமைத்தனம் என்று பல வாரமாகச் சொல்லிவந்த கணவர், மேசையில் இருந்த பெண் கேட்டதும் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டினார். படம் எடுத்த அன்று அவர் மொட்டை போட்டிருந்தார். அந்தப் பெண் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்க, அவர் உதவிக்காகத் தன் நெற்றி முடியை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மறைப்புக்குள் போனேன். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர், அதனால் ஆளுக்கு மூன்று வோட். நீண்ட பட்டியலில் அவர் பெயர் நடுவில் இருந்தது. பென்சிலைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. இந்த மனிதர் நாலு கிழமை வீடு வீடாகப் போய் இரண்டு கையாலும் கார்ட் கொடுத்தார். எனக்குத் தரவில்லை. என்னிடம் கையெழுத்துக் கேட்டார்; வோட் கேட்கவில்லை. மழையில் நனைந்து எங்கள் கதவைத் தட்டிய ஒரு வேற்றுக் கட்சிப் பெண்கூட என் முகத்தைப் பார்த்து, உங்கள் வோட்டை நம்பலாமா என்று கேட்டா. வந்து சொல்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போவதில்லை. நான் முன்மொழிந்த வேட்பாளருக்கு நானே புள்ளடி போடவில்லை. வெளியே வந்தபோது கொஞ்சம் குற்ற உணர்வாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை எண்ணினார்கள். அவர்தான் கடைசி. அவருக்குக் கிடைத்த வோட், நாங்கள் மூன்று பேரும் குடித்த தேநீரைவிடக் குறைவு. காரணம் அடுத்தடுத்த நாட்களில் போனில் வந்தது. நாங்கள் போகாத வீட்டுக்காரருக்கு, தங்களுக்குச் சொல்லவில்லை என்று கோபம். போன வீட்டுக்காரருக்கும் கோபம். கார்ட் தந்தீர்கள், சரி. தேர்தலுக்கு முதல் நாள் ஒருக்கால் போன் அடித்து ஞாபகப்படுத்த வேண்டாமா என்று கேட்டார்கள். எந்தக் கல்யாணத்துக்கும் அதுதானே வழக்கம். ஒரு அக்கா மட்டும், தான் குடும்ப சமேதராய்ப் போனதாகவும், சாப்பாடு ஒன்றும் இல்லை என்றும் சொன்னா.

அன்று பின்னேரம் அவர் டை கழற்றாமல் சோபாவில் இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபம் வந்தால் திட்டலாம், இப்படி இருப்பவரை என்ன செய்வது. மகள் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வயிறு நோகுது என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை, ரியூஷன் பையை எடுக்கச் சொன்னபோது, மாட்டேன் என்றாள். இனிமேலும் போகமாட்டாள், பரீட்சையும் எழுதமாட்டாள், தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். கத்தவில்லை, அழவில்லை. தங்கக்கரைக் கார்டை மேசையில் வைத்து, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்ற வரியை எழுத்துக்கூட்டித் தமிழில் வாசித்தாள். கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உங்கள் கார்ட், நீங்களே பதில் சொல்லுங்கோ என்றேன். அவர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் ஒரு தேர்தல் வைப்போம், மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு வோட், இரகசிய வாக்கெடுப்பு, முடிவு எதுவானாலும் எல்லாரும் ஏற்க வேண்டும் என்றார். மகள் உடனே சம்மதித்தாள். நானும் சம்மதித்தேன்.

எங்கள் இருவருக்கும் அவருடைய வோட் அவரவர் பக்கம்தான் என்று நிச்சயம் இருந்தது. அவள் கார்டை வாசித்தவள். நான் வயரிங்கைப் பார்த்தவள்.

தோற்ற ஏக்கத்தை எல்லாம் அவர் அந்தத் தேர்தலில் காட்டினார். மாடிப்படிக்குக் கீழே வக்கூம் கிளீனர் வைக்கும் அலுமாரிதான் வாக்குச்சாவடி. பென்சிலைக் கம்பளி நூலில் கட்டித் தொங்கவிட்டார். வாக்குச்சீட்டில் இரண்டு கட்டம்: போகவேணும், வேண்டாம். முறுக்குப் போட்டு வைக்கும் தகர ரின் வாக்குப்பெட்டி. அது வெறுமை என்பதை எங்கள் இருவருக்கும் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு முறுக்கு விழுந்தது. பிரசாரத்துக்கு அரை மணித்தியாலம் என்று அறிவித்தார்.

நான் பிரசாரம் செய்யவில்லை. சமையலறையில் போய் வெங்காயம் வெட்டினேன். பத்து நிமிடத்தில் பின்னால் காலடி கேட்டது. மகள் என்னுடைய பழைய சேலைத் துண்டு ஒன்றைப் சட்டைக்கு மேல் போட்டிருந்தாள். கையில் ஒரு மட்டை; நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தாள். கறிக்குப் போடும் மஞ்சள்தான். இரண்டு கையாலும் நீட்டினாள். என்னோடு ஆங்கிலத்திலேயே கதைப்பவள், தமிழில் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் கட்டாயம் வரவேணும். நீங்கள் வராட்டி எனக்குச் சந்தோஷமா இருக்காது."

நாங்கள் போன வீடுகளில் நான்தான் அந்த வசனத்தைச் சொல்லுவது. கார்டைத் திறந்தேன். உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு வரி. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு உண்மையாகவே வயிறு நோகிறது. நான் தோற்றால் நீங்கள் என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று. "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டேன். இல்லை, இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள், மிகவும் மரியாதையாக.

முதலில் அவள் அலுமாரிக்குள் போய் வந்தாள். பிறகு அவர். கடைசியாக நான். உள்ளே வக்கூம் கிளீனரின் குழாய் என் கழுத்தில் கிடந்தது. அவளுடைய கார்டையும் அந்த மாமரத்தடியையும் யோசித்தேன். மாமரத்தடிக்குப் போகும் நாளில் எனக்கு ஒருநாளும் வயிறு நோகவில்லை. அது என் ஆசை, இவளுடையது அல்ல என்பது ஒன்றரை வருடமாக எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. புள்ளடியைப் போட்டு, மடித்து, ரின்னுக்குள் இட்டேன்.

கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினார். முதல் கடதாசி, வேண்டாம். இரண்டாவது, போகவேணும். மூன்றாவதை விரித்தவர் வாசிக்கவில்லை. அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், மறுபடி நேராகப் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது கடதாசி தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். பிறகு மூன்றாவதையும் வாசித்தார்.

"வேண்டாம்."

மகள் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தாள். அப்பா சும்மா சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னார் என்று தனக்கு முதலே தெரியும் என்றாள். அவர் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் அவளுடைய தலைக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தேர்தலில் வென்ற ஒருவர் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவள் அவரை விடாமலே திரும்பி, "சொறி அம்மா, நீங்கள் தோத்திட்டீங்கள்" என்றாள்.

"ஓம்," என்றேன். "என்ன செய்யிறது. சனம் அப்பாவைத்தான் நம்பியிருக்கு."